வானத்துச் சிறியோர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தபோது, சோழர் கடற்படையையோ பல்லவர் குடைவரைகளையோ பற்றி எழுதுவதென்றே முதலில் எண்ணினோம். ஆயின், அவற்றை நன்கு கற்றறிந்தோர் நம் காலனியிலேயே பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் நம்மிடம் அத்துறையில் புதிதாகச் சொல்லத்தக்கது யாதுமில்லை. ஆகவே, சென்ற கார்த்திகை மாத இறுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கொண்டு, வேறொரு வரலாற்றைக் கூறத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

அன்றிரவு நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் மின்சாரம் நின்றுவிட்டது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியவர்கள், எரிமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வானத்தில் கோடிழுத்து மறைவதைக் கண்டனர். அடுத்த வீட்டுச் சிறுமி நம்மை நோக்கி, “மாமா, இப்போது விழுந்ததே, அது இதற்கு முன் எங்கே இருந்தது? அதற்குப் பேர் உண்டா?” என்று வினவினாள். அன்று விடை கூற அறியாது விழித்தோம். பின்னர் நூலகத்து நூல்களையும், பிள்ளைகளின் உதவியால் கணினியில் கிடைக்கும் செய்திகளையும் படித்தறிந்தோம். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் வீழும் அவ்வெரிமீன்கள், ‘பேத்தான்’ என்னும் பாறைக்கோள் தன் வழியெங்கும் உதிர்த்த துகள்களாம். அக்கோள் 1983-ஆம் ஆண்டு ஒரு செயற்கைத் துணைக்கோளின் வாயிலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குறுக்களவு ஐந்தாறு கிலோமீட்டரே. ஆக, சிறுமியின் கேள்விக்கு விடை, பெயர் உண்டு என்பதே. ஆனால் அத்தகைய சிறு பொருள்களுக்கெல்லாம் பெயர் கிடைத்த வரலாறு, நாம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாய் இருந்தது. அதனையே இங்கே சுருக்கி வரைகின்றோம்.

வெற்றிடம் ஒன்று

பதினெட்டாம் நூற்றாண்டில், 1766-இல் டீஷியஸ் என்பாரும் 1772-இல் போடே என்பாரும் ஆகிய ஜெர்மானியர் இருவர், கோள்கள் கதிரவனிடமிருந்து நிற்கும் தொலைவுகளில் ஓர் ஒழுங்கு இருப்பதாகக் கூறினர். கதிரவனுக்கும் சனிக்கும் இடைப்பட்ட தொலைவை நூறு பங்காக்கினால், புதன் 4, வெள்ளி 7, பூமி 10, செவ்வாய் 16, வியாழன் 52 என்ற அளவில் ஏறக்குறைய நிற்கின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே 28 என்னும் இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. இருப்புப்பாதை அட்டவணையில் இரு நிலையங்களுக்கிடையே ஒரு நிலையத்தின் பெயர் விடுபட்டதுபோல் அவ்விடம் காலியாகக் கிடந்தது.

இது வெறுங் கணக்கு விளையாட்டு என்று கருதியோரும் இருந்தனர். ஆனால் 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனசைக் கண்டபோது, அதுவும் அக்கணக்கு காட்டிய இடத்துக்கு அருகிலேயே நின்றது. எனவே, 28 என்னும் இடத்திலும் ஒரு கோள் ஒளிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1800-இல் ஜெர்மனியிலுள்ள லிலியந்தால் என்னும் ஊரில் வானநூலார் சிலர் கூடி, வானவழியை 24 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவராக நின்று தேடுவதென்று முடிவு செய்தனர். அவர்களை ‘வானத்துக் காவலர்’ என அக்காலத்தார் வேடிக்கையாக அழைத்தனர்.

காவலர் காவலில் அமருமுன்னரே, தேடப்பட்டது வேறொருவர் கையில் அகப்பட்டுவிட்டது. இத்தாலியின் தென்கோடியிலுள்ள சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து வான ஆராய்ச்சி நிலையத்தில், ஜியுசெப்பே பியாசி என்னும் துறவி விண்மீன்களுக்கு அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிரவு, அட்டவணையில் இல்லாத மங்கலான புள்ளி ஒன்றைக் குறித்துக்கொண்டார். மறுநாள் அது சற்று நகர்ந்திருந்தது. அடுத்த நாளும் நகர்ந்தது. பிப்ரவரி 11 வரை 24 முறை அதன் இடத்தைக் குறித்தார். இடையில் நோய்வாய்ப்பட்டார். பின்னர் அப்பொருள் கதிரவனொளியில் மறைந்துவிட்டது. போர்க்காலமாதலின் அவர் எழுதிய மடல்கள் மெல்லச் சென்று சேர்ந்தன. செய்தி பரவுமுன் பொருள் காணாமற்போயிற்று. அது மறுபடி எங்கே தோன்றும் எனக் கூறவல்லார் எவருமில்லை.

இங்கே நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற விரும்புகின்றோம். கணினி வருவதற்கு முன், வழியில் தடம் தெரியாது போன சரக்கு வேகனைத் தேடுவதற்குப் பெரிய ரிஜிஸ்தர்களையே நம்பியிருந்தோம். அது கடந்த ஒரே நிலையத்தின் குறிப்பு மட்டும் இருந்தால், எத்திசையிற் சென்றதென்றும் அறிய இயலாது. இரு நிலையங்களின் குறிப்பிருந்தால் திசை தெரியும். மூன்று நிலையங்களை எந்நேரத்தில் கடந்தது என்ற குறிப்பிருந்தால், அது விரைகின்றதா, தயங்குகின்றதா, இந்நேரம் எங்கிருக்கும் என்பதை அமர்ந்த இடத்திலிருந்தே ஒருவாறு கணித்துவிடலாம். வானத்திலும் இதுவே முறை. கதிரவனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை அறிய, போதிய இடைவெளியில் எடுக்கப்பட்ட மூன்று குறிப்புகளேனும் வேண்டும்.

அம்முறையைச் செவ்வனே செய்து காட்டியவர், அப்போது 24 வயதினரான கார்ல் பிரெடெரிக் காஸ் என்னும் கணித மேதை. அவர் பியாசியின் குறிப்புகளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பாதையைக் கணித்து, பிறர் கூறியதினின்றும் வெகுவாக விலகிய ஓரிடத்தைச் சுட்டினார். 1801 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, வான் சாக் என்பார் அவ்விடத்துக்கு அருகிலேயே அதனைக் கண்டார். மறுநாள் ஓல்பர்ஸ் என்னும் மருத்துவரும் கண்டார். தொலைந்த பொருள் சரியாக ஓராண்டில் மீண்டது. தானியங்களின் தெய்வத்தின் பெயரால் அதற்குச் ‘சீரிஸ்’ என்று பியாசி பெயரிட்டார். அதன் தொலைவு, மேற்கூறிய கணக்கில் 28-க்கு மிக அண்மையில் 27.7 என அமைந்தது.

எழுத்தரும் ஓவியரும்

சீரிசோடு கதை முடிந்திருந்தால், அது ஒரு கோளின் வரலாறாய் நின்றிருக்கும். ஆனால் 1802-இல் ஓல்பர்ஸ் அதே வெளியில் ‘பல்லாஸ்’ என்னும் இன்னொன்றைக் கண்டார். 1804-இல் ஹார்டிங் ‘ஜூனோ’வையும், 1807-இல் ஓல்பர்ஸ் மறுபடியும் ‘வெஸ்டா’வையும் கண்டனர். ஓரிடத்துக்கு ஒரு கோள் என்று எதிர்பார்த்த இடத்தில் நால்வர் வந்து நின்றனர். ஹெர்ஷல் இவற்றைக் கோள்கள் என்னாது, விண்மீன் போல் தோன்றுவன என்னும் பொருளில் ‘ஆஸ்டராய்டு’ என்றார். நாம் சிறுகோள் என்கின்றோம்.

அதன்பின் 38 ஆண்டுகள் ஒன்றும் அகப்படவில்லை. பெரிய நிலையத்தாரெல்லாம் தேடுவதை விட்டுவிட்டனர். அப்போது தேடியவர் யாரெனில், பிரஷ்ய நாட்டு டிரீசன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கார்ல் ஹென்கே. அவர் பேராசிரியர் அல்லர். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தம் கைப்படவே விண்மீன் படங்களை வரைந்துகொண்டு, இரவுதோறும் வானத்தை அப்படங்களோடு ஒப்பிட்டுவந்தார். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு சென்றன. 1845 டிசம்பர் 8-ஆம் நாள், தம் படத்தில் இல்லாத ஒரு புள்ளியை வானத்தில் கண்டார். அதுவே ‘அஸ்ட்ரியா’. 1847-இல் ‘ஹீபி’ என்னும் மற்றொன்றையும் கண்டார். இவர் வெற்றியே பிறரை மீண்டும் தொலைநோக்கியண்டை கொணர்ந்தது. பாரிஸ் நகரத்தில் ஒரு காப்பிக் கடைக்கு மேலே குடியிருந்த ஹெர்மன் கோல்ட்ஷ்மிட் என்னும் ஓவியர், தம் வீட்டிலிருந்தே 1852 முதற்கொண்டு பதினான்கு சிறுகோள்களைக் கண்டார்.

பகலில் கோப்புகளைக் கட்டிவைத்துவிட்டு மாலையில் தளர்ந்து வீடு திரும்பும் நம்போன்றோர்க்கு, ஹென்கேயின் பதினைந்து ஆண்டுகளை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கின்றது என்பதை மறைப்பானேன்?

நுங்கம்பாக்கத்து நிலையம்

இவ்வரலாறு இப்போது நம் தாயகத்துக்கு வருகின்றது.

சென்னை எழும்பூரில் 1786-இல் வில்லியம் பெட்ரி என்பார் தம் சொந்த முயற்சியால் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். பின்னர் கிழக்கிந்தியக் கும்பினியார் அதனை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினர். அங்கு கருவியைத் தாங்கிநின்ற கருங்கல் தூண், தமிழிலும் பிற மொழிகளிலும் பொறித்த எழுத்துக்களோடு இன்றும் அவ்விடத்து வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கின்றது.

இருப்புப்பாதைக் குடும்பத்தார் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. இந்திய நாட்டுக்கு ஒரே பொது நேரம் ஏற்படுமுன், ஒவ்வோர் ஊரும் தன் தன் நேரத்தையே கொண்டிருந்தது. அக்குழப்பத்தைத் தீர்க்க இருப்புப்பாதையார் கைக்கொண்டது ‘மதராஸ் நேரம்’. நுங்கம்பாக்கத்து நிலையத்தில் விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரமே, தந்தி வழியாகச் சென்று தொலைதூர நிலையங்களின் கடிகாரங்களையும் ஓட்டியது. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, அது மதராஸ் நேரத்தினும் சுமார் 9 நிமிடம் முற்பட்டு நின்றது.

அந்நிலையத்துக்கு 1861-இல் தலைவராய் வந்தவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் உலகெங்கும் வழங்கும் அளவுகோலை 1856-இல் வகுத்தவர் இவரே. இங்கிலாந்திலேயே மூன்று சிறுகோள்களைக் கண்டிருந்தார். சென்னைக்கு வந்த அவ்வாண்டே, ஏப்ரல் 17-ஆம் நாள், ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் சிறுகோள் அது என்பதால், ‘ஏஷியா’ என்றே பெயரிட்டார். அதன் வரிசை எண் 67. பின்னர் 1864-இல் ‘சாபோ’, 1866-இல் ‘சில்வியா’, 1868-இல் ‘கமில்லா’, 1885-இல் ‘வேரா’ ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே கண்டார். இவற்றுள் சில்வியாவைச் சுற்றி இரண்டு சிறு நிலவுகள் ஓடுகின்றன என்பது நம் நூற்றாண்டில் தெரியவந்தது. இரு நிலவுகள் உடையதாக முதலில் அறியப்பட்ட சிறுகோள் அதுவே.

போக்சனோடு உழைத்தவர்களையும் நாம் மறத்தலாகாது. முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். 1872-இல் இலண்டன் அரச வானநூற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களும் அறியுமாறு இந்திய மொழிகள் பலவற்றில் விளக்க நூல் வெளியிட்டார். போக்சனின் மகள் ஐசிஸ், 1873 முதல் கணிப்பாளராய் அங்கே பணியாற்றினார். அவரை அதே கழகத்துக்கு உறுப்பினராக்க 1886-இல் முன்மொழிந்தபோது, பெண் என்ற காரணத்தால் அது நடைபெறவில்லை. 1920-இல்தான் அவருக்கு அவ்விடம் கிடைத்தது. இடையில் சென்றன 34 ஆண்டுகள்.

இரண்டே இரவுகள்

நுங்கம்பாக்கத்தின் பெருமைகளைக் கூறினோம். அங்கு நேர்ந்த ஓர் இழப்பையும் கூறுதல் முறை.

1826-இல் பியலா என்னும் ஆஸ்திரியப் படை அதிகாரி ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அது ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை கதிரவனை அணுகும் என்று கணித்தனர். 1846-இல் அது வந்தபோது உலகமே வியந்தது. வால்வெள்ளி இரண்டாய்ப் பிளந்திருந்தது. 1852-இல் இரு துண்டுகளும் ஒன்றையொன்று விலகி வந்தன. அதன்பின் வரவேண்டிய காலங்களில் வரவில்லை. 1872 நவம்பர் 27-ஆம் நாள் இரவு, பூமி அதன் பாதையைக் கடந்தபோது, ஐரோப்பிய வானமெங்கும் ஆயிரக்கணக்கில் எரிமீன்கள் பொழிந்தன. வால்வெள்ளி உடைந்து தூளாயிற்று என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

அப்போது ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்பூஸ் என்பார் சென்னைப் போக்சனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். பியலா பூமியைத் தொட்டுச் சென்றதென்றும், தென்வானத்தில் இன்ன விண்மீனுக்கருகே தேடுக என்றும் அதில் கண்டிருந்தது. அது கார்த்திகை மாதம். சென்னையின் கார்த்திகை வானத்தை அறிந்தோர்க்கு அதற்குமேல் சொல்ல வேண்டா. போக்சன் காத்திருந்தார். டிசம்பர் 2-ஆம் நாளிலும் 3-ஆம் நாளிலும் மேகம் விலகிய சிறு இடைவெளிகளில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு, அதன் இடத்தைக் குறித்தார். மூன்றாவது குறிப்புக்கு மேகம் இடங்கொடுக்கவில்லை. மீண்டும் வானம் தெளிந்தபோது அது போய்விட்டது.

இரண்டு இரவுகளின் குறிப்பு மட்டுமே எஞ்சியது. பிற்காலத்தார் கணித்துப் பார்த்து, அது பியலாவின் வால்வெள்ளியாய் இருத்தற்கு இயலாதென்றனர். ஆயின் அது வேறு எது? எங்கிருந்து வந்தது? எங்கே சென்றது? பாதையை வரையப் போதிய குறிப்பில்லாமையால், பாதை அறியப்படாத வால்வெள்ளிகளின் பட்டியலிலேயே இன்றும் அது நிற்கின்றது. பியாசியிடம் 24 குறிப்புகள் இருந்தன, சீரிஸ் மீண்டது. போக்சனிடம் இரண்டே இருந்தன, அப்பொருள் மீளவில்லை. திறமையில் குறைவு இருவரிடத்தும் இல்லை.

பனிக்கோள்கள்

1891 முதற்கொண்டு மாக்ஸ் வுல்ப் என்பார் புகைப்படத் தகட்டைத் தொலைநோக்கியோடு இணைத்துச் சிறுகோள்களைத் தேடலானார். விண்மீன்கள் புள்ளியாகவும், நகரும் கோள் சிறு கோடாகவும் தகட்டில் பதியும். கண்ணுக்குத் தப்பியது தகட்டுக்குத் தப்பவில்லை. இன்று கணக்கிடப்பட்ட சிறுகோள்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். எனினும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்டவற்றையெல்லாம் ஒன்றாய்த் திரட்டினாலும் நம் நிலவின் எடையில் நூற்றில் ஐந்து பங்கும் தேறாது.

அப்புறம் தேடல் கதிரவனுக்கு வெகு தொலைவிலுள்ள குளிர்வெளிக்குச் சென்றது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து உழவர் குடும்பத்து இளைஞர் கிளைட் டாம்பா, கல்லூரிப் படிப்பின்றியே லோவெல் வான ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். 1930 ஜனவரி 23-இலும் 29-இலும் எடுத்த இரு தகடுகளை மாறிமாறி ஒப்பிட்டு, பிப்ரவரி 18-ஆம் நாள் ஒரு புள்ளி இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். ஜனவரி 21-இல் எடுத்த தெளிவற்ற மூன்றாந் தகடு ஒன்றும் இருந்தது. அதிலும் அப்புள்ளி இருந்தது. அதுவே புளூட்டோ. பின்னர் பழைய தகடுகளைப் புரட்டியபோது, அதே நிலையத்தில் 1915-இல் எடுத்தவற்றிலும் புளூட்டோ பதிந்திருப்பது தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் அது பெட்டிக்குள் கிடந்தும், அதனைப் படித்தார் இலர்!

வால்வெள்ளி என்பது தூசு கலந்த பனிக்கட்டியே என்று 1950-இல் பிரெட் விப்பிள் கூறினார். கதிரவனை நெருங்கும்போது பனி ஆவியாகி வாலாய் நீள்கின்றது. அத்தகைய பனிப்பொருள்கள் பல நெப்டியூனுக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்ற கருத்தை நம்பி, டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் ஹவாய்த் தீவிலிருந்து ஐந்தாண்டுகள் தேடி, 1992 ஆகஸ்டில் ஒன்றைக் கண்டனர். அதன்பின் ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. 2005-இல் புளூட்டோவுக்கு இணையான ‘எரிஸ்’ அறியப்பட்டதும், எதனைக் கோள் என்பது என்ற வழக்கு மூண்டது. 2006 ஆகஸ்ட் 24-ஆம் நாள் பிராகா நகரில் கூடிய அனைத்துலக வானநூற் சங்கம், புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகுத்தது. அதே தீர்ப்பால், நூற்றைம்பது ஆண்டுகளாய்ச் சிறுகோளென்று தாழ்ந்திருந்த சீரிஸ் குறுங்கோளாய் உயர்ந்தது. வான்வழியில் சென்னைக்கும் நாகபுரிக்கும் உள்ள தொலைவே ஏறக்குறைய அதன் குறுக்களவு. 2015-இல் ‘டான்’ என்னும் விண்கலம் அதனை நெருங்கிச் சுற்றி வந்து, அதன் பள்ளங்களில் உப்புப் படிந்து வெண்மையாய் ஒளிர்வதைப் படமெடுத்தது.

சிறியவற்றால் ஆவதென்ன?

இச்சிறு பொருள்களை ஆராய்வதால் யாது பயன் என்று அன்பர் சிலர் வினவலாம். கதிரவனும் கோள்களும் தோன்றிய காலத்து, அதாவது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த பொருள், பெரிய கோள்களுக்குள் உருகிக் கலந்து உருமாறிவிட்டது. சிறியவற்றிலோ பெரிதும் மாறாது கிடக்கின்றது. ‘பென்னு’ என்னும் சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பர் 24-இல் பூமிக்கு வந்துசேர்ந்த 121.6 கிராம் மண்ணில், உயிர்களின் உடலுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் பலவற்றைக் கண்டனர். நம் தோற்றத்தின் கணக்கேட்டில் முதற் பக்கங்கள் அவற்றிடமே உள்ளன.

அச்சத்துக்கும் இடமுண்டு. 2013 பிப்ரவரி 15-ஆம் நாள் காலை, ஏறத்தாழ 20 மீட்டர் அகலமே உள்ள கல் ஒன்று ரஷ்ய நாட்டுச் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது. அதிர்ச்சியால் சன்னற் கண்ணாடிகள் உடைந்து தெறித்தமையால் சுமார் 1,500 பேர் காயமுற்றனர். அது வருவதை முன்னர் எவரும் கண்டிலர். ஆயின், பாதை அறியப்பட்ட பொருளை விலக்கவும் வழியுண்டு. 2022 செப்டம்பர் 26-இல் ‘டார்ட்’ என்னும் விண்கலத்தை ‘டைமார்பஸ்’ என்னும் சிறு பாறைமீது மோதச் செய்து, அது தன் துணையைச் சுற்றும் காலத்தை அரைமணிக்கு மேல் குறைத்துக் காட்டினர். முன்னமே குறித்துவைத்ததை விலக்கலாம். குறிக்காததற்கு ஏதுஞ் செய்ய இயலாது.

காவலூரில் ஒரு பெயர்

1899-இல் சென்னை நிலையத்தின் வானநூற் பணி கோடைக்கானலுக்குச் சென்றது. 1885-இல் வேராவைக் கண்டபின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் அறியப்படவில்லை. சென்னையிற் பிறந்த வைணு பாப்பு, அமெரிக்காவில் மாணவராய் இருந்தபோது 1949-இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டவர். அவர் சவ்வாது மலையில் காவலூரில் புதிய நிலையத்தை உருவாக்கினார்; அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அங்கிருந்துதான் 1988 பிப்ரவரி 17-ஆம் நாள் வானநூலார் இராசமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். அதன் எண் 4130. பெயர் ‘இராமானுஜன்’.

கும்பகோணத்துக் கணித மேதையை அறியாதார் யார்? ஆயினும் 1912-இல் அவர் அமர்ந்திருந்த இடத்தை நினைவூட்ட விழைகின்றோம். சென்னைத் துறைமுகக் கழகத்துக் கணக்குப் பிரிவில் அவர் ஓர் எழுத்தர். பட்டம் பெறாதவர். இன்று அவர் பெயரோடு ஒரு பாறை கதிரவனைச் சுற்றி வருகின்றது. நம் அலுவலகத்தில் நாற்காலி நாற்காலியாய் அமர்ந்திருக்கும் தோழர்கள் இதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாக.

நிறைவாக

இக்கட்டுரையை எழுதுங்கால் நம் மனத்தை உறுத்திய ஒன்றைக் கூறி முடிக்கின்றோம். நம் சங்கத்தின் முதற் குறிப்பேடு கரையானுக்கு இரையாயிற்று என்பதை மூத்த உறுப்பினர் அறிவர். சங்கம் தொடங்கிய நாள் பொங்கல் என்கின்றார் ஒரு பெரியவர். சித்திரை முதல் நாள் என்கின்றார் மற்றொருவர். முதற் கூட்டம் பள்ளித் திண்ணையில் நடந்தது என்பது ஒருவர் கூற்று. பண்டசாலைக் கொட்டகையில் நடந்தது என்பது இன்னொருவர் கூற்று. இருவரும் உண்மையானவர். மூன்றாவது சாட்சி உயிரோடில்லை. போக்சனின் வால்வெள்ளியைப் போல் அந்நாளும் நம் கையிலிருந்து போய்விட்டது.

நாம் ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய சிறு கூட்டத்தார். இந்நாட்டுப் பெரிய வரலாற்று நூல்கள் நம் காலனியைக் குறிக்கப்போவதில்லை. மாற்றல் உத்தரவு வந்ததும் ஒரு குடும்பம் போகின்றது. ஓய்வுபெற்றதும் மற்றொன்று போகின்றது. போனவர் எவ்வூரார், எவ்வாண்டு வந்தனர், விழாக்களில் யார் நாடகம் ஆடினார், யார் முதன்முதலாகப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பன அவர்களோடு போய்விடுகின்றன. இவற்றைக் குறித்துவைத்தற்குப் பேராசிரியர் வேண்டா. பதினைந்து ஆண்டுகள் வானம் பார்த்த அந்த அஞ்சலகத்தாரின் பொறுமையில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

ஆதலின், ஆண்டு விழா நாளில் மண்டப வாயிலில் நாம் ஒரு புதிய ரிஜிஸ்தரைக் கட்டி வைப்போம். வருவோர் ஒவ்வொருவரும் தம் பெயரையும், சொந்த ஊரையும், இங்கு வந்த ஆண்டையும், சங்கத்தைப் பற்றித் தமக்கு உறுதியாய் நினைவிலுள்ள ஒரு செய்தியையும் எழுதித் தர வேண்டுகின்றோம். ஒரு வீட்டில் மூவர் இருந்தால் மூவரும் தனித்தனியே எழுதுக. எழுதவியலாத பெரியோர் சொல்ல, எழுதித் தருவதாக அடுத்த வீட்டுச் சிறுமி ஒப்புக்கொண்டிருக்கின்றாள்.